பிலிப்பைன்ஸ் வரலாற்று வகுப்பு: பொய்ச் சட்டம், நான்கு சாட்சிகள், ஒரு கடன் பத்திரம்

அமாவாசையில் கறுப்புப் பூனையைக் கொன்றவனை அரை நாள் எறும்புகளுக்கு நடுவே கிடத்த வேண்டும். இப்படி மொத்தம் 18 விதிகள். 1433-ல் பனாய் தீவில் கலந்தியாவ் என்ற சிற்றரசன் இயற்றிய சட்டம் என்று பிலிப்பைன்ஸ் பிள்ளைகள் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பள்ளியில் படித்தார்கள். 1971-ல் நீதிபதிகளுக்குத் தருவதற்கென்று கலந்தியாவ் பெயரில் விருது ஏற்படுத்தினார்கள். கடற்படைக் கப்பல் ஒன்றுக்கும் அவர் பெயர்தான். ஆக்லான் மாகாணத்தில் நினைவகம்கூடக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் அப்படி ஒரு ஆளும் இல்லை, அப்படி ஒரு சட்டமும் இல்லை. நேக்ரோஸ் தீவைச் சேர்ந்த ஹோசே மார்கோ என்பவர் 1914-ல் மணிலாவின் அரசு நூலகத்துக்குச் சில கையெழுத்து நூல்களைக் கொடுத்தார். எழுதியவர் பாவோன் என்ற பாதிரியார், எழுதிய காலம் 1838, 1839 என்று அவற்றில் இருந்தது. நூலக இயக்குநர் ஜேம்ஸ் ராபர்ட்சன் அகமகிழ்ந்து வாங்கிக்கொண்டு, சட்டப் பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து 1917-ல் வெளியிட்டார். அந்தக் கையெழுத்து நூல் ஸ்பெயினின் அரசருக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருந்தது. 1833-லிருந்து 1868 வரை ஸ்பெயினை ஆண்டவர் அரசி, இரண்டாம் இசபெல். முதல் பக்கத்திலேயே குட்டு உடைந்து கிடந்தும் 54 ஆண்டுகள் யாரும் அதை எடுத்துப் பேசவில்லை.

பேசியவர் வில்லியம் ஹென்றி ஸ்காட். லூசோன் மலைநாட்டில் வாழ்ந்த அமெரிக்க மிஷனரி. 1968-ல் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்த முனைவர் ஆய்வேட்டில், ஸ்பானியர் வருகைக்கு முந்தைய காலம் பற்றிய ஆவணங்கள் என்று சொல்லப்பட்ட ஒவ்வொன்றையும் எடுத்து, 'இது முதலில் யார் கையில், எந்த ஆண்டில் தென்பட்டது?' என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனார். கலந்தியாவ் விஷயத்தில் அந்தத் தடம் 1914-ல் மார்கோவின் வாசலில் போய் நின்றது. அதற்கு முந்தைய 350 ஆண்டு ஸ்பானியக் குறிப்புகளில் அந்தப் பெயரே இல்லை. ஆய்வேட்டைத் தேர்வு செய்த குழுவில் அந்தக் காலத்தின் பெரிய பாடநூல் ஆசிரியர்களே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அத்தியாயத்தைப் பற்றி ஒரு கேள்விகூட எழவில்லை. பாடநூலில் மட்டும் கலந்தியாவ் சௌக்கியமாகத் தொடர்ந்தார். தேசிய வரலாற்று நிறுவனம் அவருக்கு ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது 2004-ல், அதாவது 36 ஆண்டு கழித்து.

பிலிப்பைன்ஸ் வரலாறு எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று யாராவது கேட்டால் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன். அந்த நாட்டு வரலாற்று வகுப்பில் இன்று உருப்படியாக நடப்பதெல்லாம் ஸ்காட் கேட்ட கேள்வியின் வழியில் வந்தது. கெட்டுப்போவதெல்லாம் அந்தக் கேள்வியைப் பாதியில் விட்டுவிடுவதால் வருவது.

முதலில் வரலாறு எந்த வகுப்பில் வருகிறது என்று பார்த்துவிடலாம். பள்ளியில் பாடத்தின் பெயர் 'அராலிங் பன்லிப்புனான்', நம் சமூக அறிவியல் மாதிரி. 2013-ல் 12 ஆண்டுப் பள்ளிக் கல்விச் சட்டம் வந்தபின் அமைந்த பாடத்திட்டத்தில், நாட்டின் வரலாறு 5, 6-ஆம் வகுப்புகளில் முடிந்துவிட்டது. 7-ல் ஆசியா, 8-ல் உலக வரலாறு, 9-ல் பொருளாதாரம், 10-ல் சமகாலப் பிரச்சினைகள். அதற்கு முன் உயர்நிலைப் பள்ளி முதலாண்டில் பிலிப்பைன்ஸ் வரலாறு தனிப் பாடமாக இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள். ஆக, 11, 12 வயதில் சொந்த நாட்டு வரலாற்றை மூடி வைத்த பிள்ளை அதை மறுபடி பாடமாகத் திறந்தது 18 வயதில், கல்லூரியில். நடுவில் ஆறு ஆண்டு வெற்றிடம். அந்த வயதில்தான் பிள்ளைகள் கையில் போன் வருகிறது என்பதை யோசித்தால், வெற்றிடத்தை எது நிரப்பும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 2024-ல் தொடங்கிப் படிப்படியாக நடைமுறைக்கு வரும் புதிய 'மாத்தாதாக்' பாடத்திட்டம் 7-ஆம் வகுப்பில் தென்கிழக்காசியாவுக்குள் வைத்துப் பிலிப்பைன்ஸைச் சொல்கிறது. இது ஓரளவு ஒட்டுப்போடும் வேலை.

கல்லூரியில் வருவது மூல ஆவணங்களை வாசிக்கும் பாடம். உயர்கல்வி ஆணையம் 2013-ல் எல்லாப் பட்டப் படிப்புக்கும் கட்டாயமாக்கியது. வாரம் 3 மணி நேரம், 18 வாரம், மொத்தம் 54 மணி நேரம். அதில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வழக்குகள் நான்கு: 1521-ல் முதல் திருப்பலி, அதாவது கத்தோலிக்கப் பூசை, எங்கே நடந்தது, 1872 காவித்தே கலகம் உண்மையில் என்ன, தேசிய வீரரான நாவலாசிரியர் ஹோசே ரிசால் சாகும்முன் தன் கருத்துகளைத் திரும்பப் பெற்றாரா, ஸ்பெயினுக்கு எதிரான 1896 புரட்சியின் முதல் முழக்கம் எங்கே, என்றைக்கு எழுந்தது. தேர்வு நல்ல தேர்வு. நான்கிலும் சாட்சிகள் முரண்படுகிறார்கள், நான்கிலும் ஆவணம் கைக்கு எட்டும்.

பெரும்பாலும் சறுக்குகிற இடம் இதுதான்: வகுப்பு பட்டிமன்றமாகிவிடுகிறது. முதல் திருப்பலி வழக்கென்றால், நடந்தது லிமாசாவாத் தீவில் என்று இடப்பக்கம் ஓர் அணி, புத்துவான் ஊரில் என்று வலப்பக்கம் ஓர் அணி. கடைசியில் கைதூக்கச் சொல்லித் தீர்ப்பு. பிள்ளைகள் ஆவணத்தை வாசிப்பதை விட்டுவிட்டு அணிக்கு ஆதரவான வரியைத் தேடிப் பொறுக்குகிறார்கள். ஒரு வழக்குக்கு மூன்று மணி நேரம் கிடைக்கிறது என்றால், முதல் மணியில் விவாதமே கூடாது. ஒரு தாளில் ஐந்து கட்டம் போடச் சொல்ல வேண்டும்: எழுதியவர் யார், சம்பவம் நடந்து எத்தனை நாள் கழித்து எழுதினார், அவர் அங்கே இருந்தாரா, எந்த மொழியில் எழுதினார், யாருக்காக எழுதினார். இதை நிரப்பியபிறகே ஆவணப் பகுதியைக் கையில் கொடுக்க வேண்டும், அதுவும் ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். இரண்டாம் மணி வரைபடத்துக்கும் நாட்காட்டிக்கும். மூன்றாவது எழுதுவதற்கு. பேச்சு வேண்டுமென்றால் எழுதி முடித்தபின் வைத்துக்கொள்ளலாம்.

முதல் திருப்பலி வழக்கையே எடுத்துச் செய்து பார்ப்போம்.

மகெல்லனின் கப்பல்கள் 1521 மார்ச் கடைசியில் ஒரு சிறு தீவில் நங்கூரமிட்டன. உடன் வந்த இத்தாலியர் பிகாஃபெட்டா அதை மசாவா என்று எழுதுகிறார். மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு, அங்கே திருப்பலி. பிற்பகலில் குன்றின் உச்சியில் சிலுவை நட்டார்கள். இந்த மசாவா லெய்த்தேவுக்குத் தெற்கே உள்ள லிமாசாவாத் தீவா, மிந்தனாவோவின் வடகரையில் உள்ள புத்துவானா?

மாணவர் முதலில் தடுக்கி விழுவது நாட்காட்டியில். போனில் 1521 மார்ச் 31 என்று போட்டால் பல செயலிகள் வியாழன் என்று காட்டும். 'அப்படியென்றால் பிகாஃபெட்டா புளுகுகிறார்' என்று ஒரு கை உயரும். 1582-ல்தான் இன்றைய கிரிகோரிய நாட்காட்டி வந்தது; அதற்கு முன் ஜூலிய நாட்காட்டி. அந்த நூற்றாண்டில் வித்தியாசம் பத்து நாள். ஜூலியக் கணக்கில் போட்டால் சரியாக ஞாயிறு வரும். (பிலிப்பைன்ஸ் தேதிகளில் இன்னொரு பள்ளமும் உண்டு. ஸ்பானியர் மெக்சிகோ வழியாக மேற்கே வந்ததால் தீவுகள் பக்கத்து நாடுகளைவிட ஒரு நாள் பின்தங்கியே இருந்தன. அதைச் சரிசெய்ய 1844 டிசம்பர் 31-ஐ அப்படியே தூக்கிவிட்டார்கள். அந்த நாளில் பிலிப்பைன்ஸில் யாரும் பிறக்கவுமில்லை, சாகவுமில்லை.)

அடுத்தது அட்சரேகை. பிகாஃபெட்டா மசாவாவுக்குத் தரும் எண் 9 பாகையும் மூன்றில் இரண்டும், அதாவது 9 பாகை 40 நிமிடம். இன்றைய லிமாசாவா ஏறத்தாழ 9 பாகை 56 நிமிடம். புத்துவான் 8 பாகை 57 நிமிடம். ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் என்று வைத்தால் லிமாசாவா 30 கிலோமீட்டர் தள்ளி, புத்துவான் 80 கிலோமீட்டர் தள்ளி. வகுப்பு கைதட்டும், லிமாசாவா ஜெயித்தது என்று.

அங்கே நிறுத்திவிட்டால் பாடம் பாழ். அதே பயணத்தில் இருந்த மாலுமி ஆல்போவின் கப்பல் குறிப்பில் 9 பாகையும் மூன்றில் ஒன்றும் என்று இருக்கிறது. அப்படியானால் லிமாசாவா 67 கிலோமீட்டர், புத்துவான் 43 கிலோமீட்டர் என்று ஆட்டம் திரும்புகிறது. ஜெனோவா மாலுமி என்று மட்டும் அறியப்பட்ட மூன்றாமவர் வெறும் 9 பாகை என்கிறார். அது புத்துவானுக்கு மிக அருகில். மூன்று சாட்சி, மூன்று எண், நடுவே 40 நிமிட இடைவெளி. ஆடும் கப்பல் தளத்தில் நின்று சூரியனின் உயரத்தை அளந்தவர்களிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. அட்சரேகை இந்த வழக்கைத் தீர்க்காது. மாணவருக்கு இது புரிந்தால் மூன்று மணி நேரத்துக்கும் கூலி கிடைத்துவிட்டது.

தீர்ப்பது வழித்தடம்தான். மசாவா ஒரு தீவு என்று எழுதியிருக்கிறது. புத்துவான் ஆகூசான் ஆற்றங்கரை ஊர். ஏழு நாள் தங்கியவர் அவ்வளவு பெரிய ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அங்கிருந்து சீபுவுக்குப் போகும்போது வடமேற்கே சென்றதாகச் சொல்லி, கடந்த தீவுகளின் பெயரை அடுக்குகிறார்: சிலோன், போஹோல், கனிகான், பைபை, கட்டிகான். (அந்த சிலோன் நம் பக்கத்து இலங்கை அல்ல, லெய்த்தே பக்கத்துப் பெயர். குழம்ப வேண்டாம்.) இந்த வரிசையை வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டே போனால் லிமாசாவாவிலிருந்து புறப்பட்டால்தான் பொருந்துகிறது. இந்த விரல் வேலைக்கே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஸ்லைடில் அம்புக்குறி போட்டுக் காட்டினால் மனதில் நிற்காது.

புத்துவான் எப்படிக் கிளம்பியது என்பதும் பாடத்துக்குள் வர வேண்டும். மசாவாவில் மகெல்லனைச் சந்தித்த இரு மன்னர்களில் ஒருவர் புத்துவான் பகுதிக்காரர் என்று பிகாஃபெட்டாவே எழுதியிருக்கிறார். நூல் சுருக்கப்பட்டு, கைமாறி, வேறு மொழிகளில் போய்வந்தபோது விருந்தாளியின் ஊர் சம்பவம் நடந்த ஊராகிவிட்டது. 17-ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் நூல்கள் அதையே வழிமொழிந்தன. 1872-ல் புத்துவான் பக்கத்தில் நினைவுத்தூணும் நட்டாயிற்று. பிகாஃபெட்டாவின் முழு இத்தாலிய வாசகம் ஆங்கில மொழிபெயர்ப்போடு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சானபின்தான் காற்று லிமாசாவா பக்கம் திரும்பியது. மொழிபெயர்த்தவர் யார் தெரியுமா? அதே ஜேம்ஸ் ராபர்ட்சன். 55 தொகுதிகளில் பிலிப்பைன்ஸ் ஆவணங்களைப் பதிப்பித்த இருவரில் ஒருவர். மார்கோவின் போலியிடம் ஏமாந்தவரும் அவரே. நல்ல பதிப்பாசிரியரும் ஏமாறுவார் என்று மாணவருக்குச் சொல்ல இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார்.

இந்த வழக்கில் விடைத்தாளில் வரும் வழக்கமான தவறு ஒன்று உண்டு: '1960-ல் நாடாளுமன்றம் லிமாசாவாவைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது, ஆகவே அங்கேதான் நடந்தது.' 1960-ஆம் ஆண்டுச் சட்டம் 1960-ல் மக்கள் என்ன நம்பினார்கள் என்பதற்குத்தான் ஆதாரம். 1521-க்கு அது சாட்சி அல்ல. 1990-களிலிருந்து அரசு மூன்று குழுக்கள் போட்டு, கடைசியாக ரெசில் மொஹாரெஸ் தலைமையிலான குழுவின் அறிக்கையை 2020-ல் ஏற்றுக்கொண்டது. மூன்றும் லிமாசாவா என்றே சொன்னன. அந்தக் குழுக்களின் வாதத்தை வாசிக்க வேண்டும். முடிவை மட்டும் மேற்கோள் காட்டுவதில் பயனில்லை.

முழக்க வழக்கு இன்னும் சுவையானது, இங்கே சாட்சிகள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஆந்த்ரெஸ் போனிஃபாசியோ 1892-ல் தொடங்கிய கத்திப்புனான் என்ற ரகசிய இயக்கம் 1896 ஆகஸ்ட் 19-ல் அம்பலமானது. மணிலாவைவிட்டு வடக்கே ஓடிய உறுப்பினர்கள் அடுத்த சில நாட்களில் ஓரிடத்தில் கூடி, செடுலா என்ற தலைவரி ரசீதைக் கிழித்து எறிந்து, ஸ்பெயினுக்கு எதிராக எழுவதென்று முடிவு செய்தார்கள். எந்த இடம், எந்த நாள்?

கூடவே இருந்த கீயேர்மோ மசாங்கை சொல்வது பாலிந்தவாக், ஆகஸ்ட் 26. போனிஃபாசியோவின் மனைவி கிரெகோரியா டெ ஹெசூஸ் ஆகஸ்ட் 25 என்கிறார், கலூக்கான் பக்கம். சாந்தியாகோ ஆல்வரெஸ் சொல்வது பஹாய் தோரோ, ஆகஸ்ட் 24. ஆனால் அவர் காவித்தே மாகாணக்காரர், சம்பவ இடத்தில் இருந்தவர் அல்ல. கூட இருந்த மருத்துவர் பியோ வலென்சுவேலா சொல்வது புகாட் லாவின், ஆகஸ்ட் 23, புரட்சியாளர்களுக்கு அடைக்கலம் கொடுத்த மெல்ச்சோரா அக்கினோவின் மகன் ஹுவான் ராமோஸ் வீட்டு முற்றம்.

ஐந்து கட்டத் தாளில் இரண்டாவது கட்டம் இங்கே உயிர்பெறுகிறது. வலென்சுவேலா 1896 செப்டம்பரில் ஸ்பானியரிடம் சரணடைந்து கொடுத்த வாக்குமூலத்தில், ஆகஸ்ட் 23 ஞாயிறு முதல் 25 செவ்வாய் வரை பாலிந்தவாக்கில் கூட்டங்கள் நடந்தன என்கிறார். புகாட் லாவின் என்ற பெயர் அவர் வாயில் வருவது பல பத்தாண்டு கழித்து. 1896-ல் பேசியது விசாரணைக் கைதி. தோழர்களைக் காப்பாற்ற மறைத்திருக்கலாம். பின்னால் பேசியது முதியவர், மறந்திருக்கலாம். எதை நம்புவது? சம்பவத்துக்கு நெருக்கமான சாட்சியை நம்பு என்ற பொதுவிதி, அந்தச் சாட்சி சிறைக்கம்பிக்குப் பின்னால் நிற்கும்போது தடுமாறுகிறது. விதியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அது உதவாத இடத்தையும் காட்டவில்லையென்றால் விதியைச் சொல்லிப் பயனில்லை.

இன்னொரு முடிச்சு சொல்லில் இருக்கிறது. முழக்கம் என்பது எது? எழுவதென்ற தீர்மானமா, செடுலா கிழிப்பா, ஸ்பானியக் காவலரோடு நடந்த முதல் மோதலா? மூன்றையும் ஒன்றாகக் கட்டியதால்தான் தேதிகள் மோதுகின்றன. செடுலாவை ஒரே ஒருமுறைதான் கிழித்திருக்க வேண்டும் என்று யார் சொன்னது? ஓடுகிற கூட்டம் போகிற இடமெல்லாம் கிழித்திருக்கலாம். மிலாக்ரோஸ் கெர்ரேரோ முதலான வரலாற்றாசிரியர்கள் பொறுமையாக முடிச்சவிழ்த்து, தீர்மானம் ஆகஸ்ட் 24-ல், மெல்ச்சோரா அக்கினோவின் களஞ்சியத்தில், பன்லாட் பகுதியில் என்று வாதிடுகிறார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் பாடநூலில் இருப்பது 1963-ல் குடியரசுத் தலைவர் மகபகால் அறிவித்த ஆகஸ்ட் 23, புகாட் லாவின். அதற்கு முன் பல பத்தாண்டுகள் பாலிந்தவாக்கில் ஆகஸ்ட் 26-ல் கொண்டாடினார்கள். அங்கே 1911-ல் வைத்த சிலையை 1968-ல் பல்கலைக்கழக வளாகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மகபகாலுக்குத் தேதி மாற்றுவதில் கை பழகியிருந்தது. 1962-ல் சுதந்திர தினத்தையே ஜூலை 4-லிருந்து ஜூன் 12-க்கு மாற்றியவரும் அவரே. 1946-ல் அமெரிக்கா கொடுத்த நாளுக்குப் பதில் 1898-ல் புரட்சித் தலைவர் அகினால்டோ கவித் என்ற ஊரில் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவித்த நாள். இதை வகுப்பில் தனிப் பாடமாகவே எடுக்கலாம்.

ரிசால் வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் அது அதிகம் கிளறப்பட்டது. 1896 டிசம்பர் 30 காலை சுட்டுக் கொல்லப்படுமுன் அவர் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பியதாகச் சொல்லும் கடிதத்தின் மூலப் பிரதி 1935-ல்தான் மறைமாவட்டக் காப்பகத்தில் கிடைத்தது. நாளிதழ்களில் வந்த பிரதிகளுக்கும் யேசுசபைப் பிரதிக்கும் சொல் வேறுபாடுகள் உண்டு. ஒன்றில் 'குவாலிதாத்', மற்றதில் 'காலிதாத்'. மாணவர்கள் இதை வைத்துப் 'போலி, போலி' என்று குதிப்பார்கள். கையால் பிரதி எடுக்கும்போது ஓர் எழுத்து விழுவது சகஜம். கலந்தியாவைப் பிடித்துக் கொடுத்த 'எங்கிருந்து வந்தது' என்ற கேள்விதான் இங்கும் முக்கியம். எழுத்துப்பிழை அவ்வளவு பெரிய துப்பு அல்ல.

அதைவிடப் பெரிய சிக்கல் ரிசால் நாவல்களை வாசிக்கும் விதத்தில். 1956 ஜூன் 12-ல் நிறைவேறிய 1425-ஆம் எண் சட்டம், 'நோலி மெ தாங்கெரே', 'எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ' இரண்டையும் வெட்டாத முழுப் பதிப்பாகக் கற்பிக்கச் சொல்கிறது. செனட்டர் ரெக்தோ கொண்டுவந்தபோது கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. சமய காரணம் சொல்லும் மாணவர் வாசிப்பிலிருந்து விலக்குக் கேட்கலாம், பாடத்திலிருந்து கேட்க முடியாது என்ற சமரசத்தோடு மசோதா தேறியது. அவ்வளவு சண்டைபோட்டு வாங்கிய முழுப் பதிப்பை யார் வாசிக்கிறார்கள்? 9-ஆம் வகுப்பில் நோலி, 10-ல் எல் ஃபிலி, அதுவும் மொழிப் பாடத்துக்குள். நோலியில் 63 அத்தியாயமும் ஒரு முடிவுரையும். பெரும்பாலும் பிள்ளைகள் கையில் இருப்பது 'புவோத்' எனப்படும் அத்தியாயச் சுருக்கம், நம்மூர் கோனார் உரைக்கு அண்ணன். திருச்சபைத் தணிக்கையால் முடியாததைச் சுருக்க நூல் செய்துவிட்டது. நாவலின் நக்கலும் கிண்டலும் போய், கதைச் சட்டகம் மட்டும் மிஞ்சுகிறது. மீட்க வழி எளிது: 63-ஐயும் ஓட்டாமல் ஐந்தாறு அத்தியாயத்தை வரிக்கு வரி வாசித்தாலே போதும். முதல் அத்தியாயத்து விருந்துக் காட்சி ஒன்றே நாலு வகுப்புக்குத் தாங்கும்.

அமெரிக்கப் போர் பற்றிய பாடத்தில் கவனிக்க வேண்டியது பெயர். 1899 பிப்ரவரி 4 இரவு மணிலாவின் சாந்தா மேசாவில் அமெரிக்கச் சிப்பாய் கிரேசன் சுட்ட குண்டில் தொடங்கியதை அமெரிக்க ஆவணங்கள் நெடுங்காலம் 'கிளர்ச்சி' என்றே குறித்தன. கிளர்ச்சி என்றால் முறையான ஆட்சி ஏற்கெனவே இருந்தது என்று பொருள். 'பிலிப்பைன்-அமெரிக்கப் போர்' என்றால் இரண்டு நாடுகள். ஒரு சொல்லை மாற்றினால் பாடம் முழுவதும் மாறிவிடும். அந்தக் குண்டு சான் ஹுவான் பாலத்தில் வெடித்தது என்றே பல காலம் கற்பித்தார்கள். உண்மையில் சொசியேகோ, சிலென்சியோ தெருக்கள் சந்திக்கும் மூலை என்று நிரூபணமானபின் 2003-ல் பலகையைப் பெயர்த்து அங்கே நட்டார்கள். இந்தப் போர் ஓய்வதற்குள்ளேயே, 1901 ஆகஸ்டில், தாமஸ் என்ற கப்பலில் ஐந்நூறு அமெரிக்க ஆசிரியர்கள் வந்து இறங்கினார்கள். அதே ஆண்டு ஜனவரியில் போட்ட சட்டப்படி ஆங்கிலம் பயிற்று மொழியானது. போரைக் கிளர்ச்சி என்று சொல்லிக்கொடுத்த வகுப்பறை அப்படித்தான் பிறந்தது.

பெயர்ச் சண்டை பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023-ல் 6-ஆம் வகுப்புப் பாடத்திட்டத்தில் 'டிக்டதுராங் மார்கோஸ்', அதாவது 1972-ல் ராணுவச் சட்டம் போட்ட குடியரசுத் தலைவர் மார்கோஸின் சர்வாதிகாரம், என்ற தொடரிலிருந்து மார்கோஸ் பெயரை எடுத்து வெறும் 'டிக்டதுரா' ஆக்கினார்கள். அப்போது நாட்டை ஆண்டது அவர் மகன். இத்தனைக்கும் ராணுவச் சட்டக் காலத்தின் அத்துமீறல்களைப் பாடத்தில் சேர்க்கச் சொல்லும் சட்டமே 2013-லிருந்து இருக்கிறது. சர்வாதிகாரம் உண்டு, சர்வாதிகாரி இல்லை. இந்தப் பாடத்தை ஆத்திரப்பட்டு நடத்துவதைவிடத் தேதிகளை வைத்து நடத்துவது நல்லது. ராணுவச் சட்டப் பிரகடனம் 1081-ல் உள்ள தேதி 1972 செப்டம்பர் 21. பாதுகாப்பு அமைச்சர் என்ரிலேவின் கார் சுடப்பட்டதாகச் சொல்லப்பட்டது 22 இரவு. தொலைக்காட்சியில் மார்கோஸ் அறிவித்தது 23 மாலை. மூன்று தேதியையும் பலகையில் எழுதிவிட்டு, 'தாளில் உள்ள தேதி கையெழுத்திட்ட நாளா?' என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் உட்கார்ந்துவிடலாம். மீதியைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசியாக, தமிழ் வாசகர் சட்டென்று அடையாளம் காணும் ஆவணம் ஒன்று. எழுத்துச் சான்றுள்ள பிலிப்பைன்ஸ் வரலாறு 1521-ல் தொடங்குகிறது என்றே நீண்ட காலம் பாடநூல்கள் சொல்லிவந்தன. லகூனா மாகாணத்தில் கிடைத்து 1989-ல் வெளியே வந்த ஒரு செப்பேடு அதை 621 ஆண்டு பின்னுக்குத் தள்ளியது. பள்ளி நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிது, ஏறத்தாழ 20-க்கு 30 சென்டிமீட்டர், ஒரு பக்கம் மட்டும் பத்து வரி. படித்துப் பொருள் சொன்னவர் அன்டூன் போஸ்ட்மா என்ற டச்சுக்காரர். முதல் வரி 'ஸ்வஸ்தி' என்று தொடங்கி, சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சம், சதுர்த்தி, சோமவாரம் என்று போகிறது. நம் கோயில் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். கணக்கிட்டால் கி.பி. 900 ஏப்ரல் 21, திங்கள். எழுத்து காவி, பல்லவ எழுத்தின் வழியில் ஜாவாவில் உருவானது. மொழி பழைய மலாய், நடுநடுவே சமஸ்கிருதம்.

இங்கே நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, சுவரொட்டிகளில் இதை 'பைபாயின்' எழுத்து என்று போட்டுவிடுவது. பைபாயின் வேறு, பல நூற்றாண்டு பிந்திக் கிடைக்கும், உள்ளூர் மொழியான தகாலோக்கின் எழுத்து. இரண்டு, 'மாபெரும் இந்துப் பேரரசு' என்று ஊதிப் பெருக்குவது. செப்பேடு பேரரசைப் பற்றிப் பேசவில்லை. நம்வரான் என்பவர் பட்ட கடன், ஒரு காத்தியும் எட்டு சுவர்ணமும் எடையுள்ள தங்கம், தீர்ந்துவிட்டது என்று அவர் வாரிசுகளுக்குக் கொடுத்த விடுதலைப் பத்திரம் அது. தோண்டோ என்ற ஊரின் தலைவர் முதலியோர் சாட்சி. கலந்தியாவுக்குக் கோபம் இருந்தது, முதலையும் கொதிநீரும் இருந்தன. நிஜ ஆவணத்தில் கணக்கு இருக்கிறது, எடை இருக்கிறது, பின்னால் வம்பு வரும் என்ற பயமும் இருக்கிறது. அந்தப் பயத்தைச் சொல்லும் இடத்தில்தான் பத்தாவது வரி வருகிறது: இனிவரும் காலத்தில் எவரேனும் இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்று சொன்னால். அதோடு தகட்டில் இடம் முடிந்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும் என்பது அடுத்த தகட்டில் இருந்திருக்க வேண்டும். அது இன்னும் கிடைக்கவில்லை.